கிட் ஆவணச் சொற்கள் குழப்பும்போது: அறிகுறியைப் பார்த்துத் தீர்க்கும் வழிமுறை

கோப்பு மாற்றங்களின் வரலாற்றைப் பதிவு செய்யும் மென்பொருளான கிட்டில் ஒரு கட்டளை எதிர்பார்த்தபடி நடக்காதபோது பலரும் கட்டளையைத் தவறாகத் தட்டிவிட்டதாகவே நினைக்கிறார்கள். கையேட்டுப் பக்கத்தில் உள்ள ஒரு சொல்லுக்கு நாம் கொண்ட பொருள் ஒன்றாகவும் கிட் கொண்ட பொருள் வேறாகவும் இருப்பதே அடிக்கடி நேர்வது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காகத் தொடங்கிய இந்த மென்பொருளை அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஜூனியோ ஹமானோ பராமரித்து வருகிறார். இத்தனை ஆண்டுகளில் பலர் கைபட்டு வளர்ந்ததால் புதிய சொற்கள் வந்து சேர்ந்தன. பழைய சொற்களையோ நீக்க முடியவில்லை, ஏனெனில் உலகெங்கும் உள்ள ஸ்கிரிப்டுகள் அவற்றை நம்பி ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரே பொருளுக்கு மூன்று பெயர்களும், ஒரே பெயருக்கு மூன்று பொருள்களும் இருப்பது இப்படி வந்ததுதான்.

கீழே உள்ள அறிகுறிகள் அனைத்துக்கும் ஒரே கேள்வி உதவும்: இந்தக் கட்டளை எந்த இடத்திலிருந்து படிக்கிறது, எந்த இடத்தில் எழுதுகிறது? இடங்கள் ஐந்துதான். நாம் திருத்தும் வேலை அடைவு, அடுத்த கமிட்டுக்காக (வரலாற்றில் சேரும் ஒரு பதிவுக்காக) தயாராகும் இண்டெக்ஸ், நாம் இப்போது நிற்கும் இடத்தைக் குறிக்கும் ஹெட் காட்டும் கமிட், சர்வரில் உள்ள கிளைகளைப் (தனித்தனியாக வளரும் கமிட் வரிசைகளைப்) பற்றி நம் கணினி வைத்திருக்கும் குறிப்பு, இறுதியாகச் சர்வர். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்துகளிலேயே தட்ட வேண்டும். சொல்லின் அதிகாரபூர்வமான பொருளைப் பார்க்க ‘கிட் ஹெல்ப் குளோஸரி’ என்ற கட்டளை உண்டு. இணைய இணைப்பு இல்லாதபோதும் அது வேலை செய்யும்.

அறிகுறி: கோப்பை மாற்றியிருந்தும் ‘கிட் டிஃப்’ எதையும் காட்டவில்லை

இதற்குக் காரணம், அந்த மாற்றம் ஏற்கெனவே ‘கிட் ஆட்’ மூலம் இண்டெக்ஸுக்குப் போய்விட்டது என்பதே. தனியாகக் கொடுத்த ‘கிட் டிஃப்’ வேலை அடைவை இண்டெக்ஸோடு ஒப்பிடும்; இரண்டும் ஒன்றாக இருப்பதால் காட்ட எதுவும் இல்லை. ‘கிட் டிஃப் --கேச்டு’ இண்டெக்ஸை ஹெட்டோடு ஒப்பிடும். ‘கிட் டிஃப் ஹெட்’ வேலை அடைவை நேரே ஹெட்டோடு ஒப்பிடும். சந்தேகம் வரும்போது மூன்றையும் அடுத்தடுத்துக் கொடுத்துப் பார்த்தால் மாற்றம் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

இங்கே குழப்புவது ‘கேச்டு’ என்ற குறி. இண்டெக்ஸ், கேச், ஸ்டேஜிங் ஏரியா ஆகிய மூன்றும் ஒன்றேதான். டாட் கிட் அடைவுக்குள் ‘இண்டெக்ஸ்’ என்ற பெயரில் உள்ள ஒரு கோப்புதான் அது. கிட்டின் முதல் கமிட்டோடு வந்த ரீட்மீ கோப்பு அதை ‘கரன்ட் டைரக்டரி கேச்’ என்றே அழைத்தது. இன்றும் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் அதன் முதல் நான்கு பைட்டுகள் டி, ஐ, ஆர், சி என்ற எழுத்துகளாகவே இருக்கும். டைரக்டரி கேச் என்பதன் சுருக்கம் அது. ‘கிட் டிஃப்’ கட்டளைக்கு ‘--ஸ்டேஜ்டு’ என்ற மாற்றுப் பெயரைப் பின்னால் சேர்த்தார்கள். ‘கிட் ஆர்எம்’ கட்டளைக்கு அந்தப் பெயர் கிடையாது, அங்கே ‘--கேச்டு’ மட்டுமே செல்லும்.

இதனோடு ஒட்டிய இன்னொரு அறிகுறி, கடைசியாக மாற்றிய வரி கமிட்டில் இல்லாமல் போவது. ‘ஆட்’ என்ற சொல், கோப்பைப் பட்டியலில் சேர்த்து அதன்பின் தொடர்ந்து கவனிக்கச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. உண்மையில் அது அந்த நொடியில் கோப்பில் இருந்த உள்ளடக்கத்தை இண்டெக்ஸில் எழுதுகிறது; அதன்பின் செய்த திருத்தம் அங்கே போகாது. கமிட் செய்யும் முன் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுத்திருந்தால் ஒரே கோப்பின் பெயர், கமிட்டுக்குத் தயாரான மாற்றங்களின் கீழும் தயாராகாத மாற்றங்களின் கீழும் இரண்டு முறை வந்திருக்கும். மறுபடியும் ‘கிட் ஆட்’ செய்து, கடைசிக் கமிட்டைத் திருத்தி எழுதும் ‘கிட் கமிட் --அமெண்ட்’ கொடுத்தால் போதும். அந்தக் கமிட்டை ஏற்கெனவே சர்வருக்கு அனுப்பியிருந்தால் அமெண்ட் செய்யாமல் புதிய கமிட்டாகப் போடுவதே நல்லது.

அறிகுறி: ‘--கேச்டு’, ‘--இண்டெக்ஸ்’ இரண்டும் ஒன்று என்று நினைத்துக் கொடுத்தபோது கோப்புகள் எதிர்பாராமல் மாறுகின்றன

கேச்சும் இண்டெக்ஸும் ஒன்று என்று மேலே சொன்னோம்; ஆனால் குறிகளாக வரும்போது அவை ஒன்றல்ல. வழக்கமாக வேலை அடைவில் செயல்படும் ஒரு கட்டளையை இண்டெக்ஸில் மட்டும் செயல்படச் சொல்வது ‘--கேச்டு’. வேலை அடைவோடு சேர்த்து இண்டெக்ஸிலும் செயல்படச் சொல்வது ‘--இண்டெக்ஸ்’. ஆகவே ‘கிட் அப்ளை --கேச்டு’ ஒரு பேட்ச்சை (கோப்பாகத் தரப்படும் மாற்றங்களின் தொகுப்பை) இண்டெக்ஸில் மட்டும் எழுதும், கண்ணெதிரே உள்ள கோப்பு மாறாது; ‘கிட் அப்ளை --இண்டெக்ஸ்’ இரண்டிலும் எழுதும். ஒதுக்கி வைத்த மாற்றங்களைத் திரும்பக் கொண்டுவரும் ‘கிட் ஸ்டாஷ் பாப்’ கட்டளையில் ‘--இண்டெக்ஸ்’ சேர்த்தால், ஒதுக்கி வைத்தபோது இண்டெக்ஸில் இருந்தவற்றை மறுபடி இண்டெக்ஸிலேயே வைக்க முயலும். இந்த வேறுபாட்டை ‘கிட்சிஎல்ஐ’ என்ற தனிக் கையேட்டுப் பக்கம் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் ‘அப்ளை’ பக்கத்தைப் படிப்பவர் ஏன் அங்கே போய்ப் பார்க்கப் போகிறார்? இந்தப் பொது வேறுபாட்டை அந்தந்தக் கட்டளையின் பக்கத்திலும் சேர்த்துச் சொல்லலாம் என்பது என் கருத்து.

‘கிட் ஆர்எம் --கேச்டு’ பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. கடவுச்சொல் உள்ள அமைப்புக் கோப்பு ஒன்று தவறுதலாகக் களஞ்சியத்துக்குள் (கிட் வரலாற்றை வைத்திருக்கும் இடத்துக்குள்) போய்விட்டால், கிட்இக்னோர் கோப்பில் அதன் பெயரைச் சேர்த்துவிட்டு, இனி கிட் அதைக் கண்டுகொள்ளாது என்று பலர் நம்புகிறார்கள். இக்னோர் என்பது கிட் இதுவரை கண்காணிக்காத கோப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே இண்டெக்ஸில் உள்ள கோப்புக்கு அது பொருந்தாது. அதனால்தான் ‘கிட் ஆர்எம் --கேச்டு’ தேவைப்படுகிறது. அது உங்கள் வேலை அடைவில் உள்ள கோப்பைத் தொடாது என்பது உண்மை. ஆனால் அடுத்து வரும் கமிட்டில் அது ஒரு நீக்கமாகவே பதிவாகும். சக ஊழியர் அந்தக் கமிட்டை ‘புல்’ செய்தவுடன் (சர்வரிலிருந்து எடுத்துத் தன் கிளையில் இணைத்தவுடன்) அவருடைய வேலை அடைவிலிருந்து அந்தக் கோப்பு மறைந்துவிடும். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் செய்யுங்கள். பழைய கமிட்டுகளில் அந்தக் கடவுச்சொல் இன்னமும் இருக்கும் என்பதால் அதை உடனே மாற்றுவதும் அவசியம்.

அறிகுறி: ‘பாத்ஸ்பெக் எந்தக் கோப்போடும் பொருந்தவில்லை’ என்ற பிழை, ஆனால் கோப்பைப் பற்றி நாம் பேசவே இல்லை

‘கிட் செக்அவுட் திருத்தம்’ என்று ஒரு கிளைக்கு மாறத் தட்டுகிறீர்கள். கிட்டோ ‘திருத்தம்’ என்ற பாத்ஸ்பெக் தனக்குத் தெரிந்த எந்தக் கோப்போடும் பொருந்தவில்லை என்கிறது. பாத்ஸ்பெக் என்பது கோப்புப் பாதைகளைக் குறிக்கும் வடிவம். கிளைக்கு மாறுவது, கோப்பை மீட்டெடுப்பது ஆகிய இரண்டு வேலைகளையும் ‘செக்அவுட்’ என்ற ஒரே கட்டளை செய்வதால், கொடுத்த பெயரில் கிளை இல்லையென்றால் அது கோப்பாக இருக்குமோ என்று தேடி, அதுவும் கிடைக்காமல், கடைசியாகத் தேடியதைப் பற்றி மட்டும் புகார் சொல்கிறது. கோப்புகளைத் தேடி நேரம் செலவிட வேண்டாம்; கிளையின் பெயரைச் சரிபாருங்கள். 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பு முதல், கிளை மாற ‘கிட் ஸ்விட்ச்’, கோப்பு மீட்க ‘கிட் ரெஸ்டோர்’ என்று இரண்டு கட்டளைகள் உண்டு. ‘கிட் ஸ்விட்ச் திருத்தம்’ கொடுத்தால் பெயர் செல்லாது என்று நேரடியாகவே சொல்லும்.

பெயர் சரியாக இருந்தும் பிழை வந்தால் மூன்று காரணங்களைப் பாருங்கள். சர்வரில் புதிதாக உருவான கிளை உங்கள் கணினிக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம். சர்வரின் நிலையைக் கேட்டு நம் குறிப்பைப் புதுப்பிக்கும் ‘கிட் ஃபெட்ச்’ அதைத் தீர்க்கும். ஆரிஜின், அப்ஸ்ட்ரீம் என்ற இரண்டு ரிமோட்டுகளிலும் (பெயரிட்டு இணைத்த வெளிக் களஞ்சியங்களிலும்) அதே பெயரில் கிளை இருந்தால் எதை எடுப்பது என்று கிட்டுக்குத் தெரியாது; ‘கிட் ஸ்விட்ச் --ட்ராக் ஆரிஜின்/திருத்தம்’ என்று முழுப் பெயரும் கொடுக்க வேண்டும். மூன்றாவதுதான் பலரை வெகுநேரம் அலைக்கழிப்பது: கடைசிக் கமிட்டை மட்டும் எடுக்கும் ‘--டெப்த் 1’ கொடுத்து குளோன் செய்திருந்தால் (களஞ்சியத்தை நகலெடுத்திருந்தால்), வெளிப்படையாகச் சொல்லாமலே அது ஒரு கிளையை மட்டும் எடுத்து வரும் குளோனாகவும் ஆகிவிடும், அதன்பின் எத்தனை முறை ஃபெட்ச் செய்தாலும் மற்ற கிளைகள் வாரா. ‘கிட் ரிமோட் செட்-பிராஞ்சஸ் --ஆட் ஆரிஜின் திருத்தம்’ கொடுத்துவிட்டு மறுபடி ஃபெட்ச் செய்யுங்கள்.

‘கிட் ரெஸ்டோர்’ தெளிவானதுதான், ஆபத்தில்லாதது அல்ல. ‘கிட் ரெஸ்டோர் --ஸ்டேஜ்டு கோப்பு’ ஹெட்டிலிருந்து படித்து இண்டெக்ஸில் எழுதும். உங்கள் திருத்தம் வேலை அடைவில் பத்திரமாக இருக்கும். நடுவில் உள்ள குறியை விட்டுவிட்டு ‘கிட் ரெஸ்டோர் கோப்பு’ என்று மட்டும் கொடுத்தால் அது இண்டெக்ஸிலிருந்து படித்து வேலை அடைவில் எழுதும். இண்டெக்ஸுக்குப் போகாத திருத்தம் எந்தக் கேள்வியும் கேட்காமல் அழிந்துவிடும், அதைக் கிட்டால் மீட்டுத் தர முடியாது.

அறிகுறி: ‘உங்கள் கிளை ஆரிஜின்/மெயினோடு ஒத்திருக்கிறது’ என்கிறது, ஆனால் சர்வரில் புதிய கமிட்டுகள் உள்ளன

‘கிட் ஸ்டேட்டஸ்’ சர்வரைத் தொடர்பு கொள்வதே இல்லை. ‘ஆரிஜின்/மெயின்’ என்பது ரிமோட்-ட்ராக்கிங் கிளை. கடைசியாகத் தொடர்பு கொண்டபோது சர்வரின் மெயின் எங்கே இருந்தது என்று நம் கணினி எழுதி வைத்த குறிப்பு. முதலில் ‘கிட் ஃபெட்ச்’, பிறகு ஸ்டேட்டஸ். நடுவில் சாய்கோடு உள்ள ‘ஆரிஜின்/மெயின்’ நம் கணினியில் உள்ள ஒரு பெயர். இடைவெளி விட்ட ‘ஆரிஜின் மெயின்’ என்பது ஆரிஜின் என்ற சர்வர், அங்குள்ள மெயின் என்ற கிளை என இரண்டு தனிப் பெயர்கள். ஆகவே கிளைகளை இணைக்கும் ‘கிட் மெர்ஜ் ஆரிஜின்/மெயின்’ சரி, ‘கிட் புல் ஆரிஜின் மெயின்’ சரி. ‘கிட் புல் ஆரிஜின்/மெயின்’ கொடுத்தால், அது கிட் களஞ்சியமாகத் தெரியவில்லை என்று பிழை வரும். சர்வர் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம்.

அறிகுறி: ‘இந்தக் கிளைக்கு அப்ஸ்ட்ரீம் கிளை இல்லை’ என்ற பிழை

திறந்த மூலத் திட்டங்களுக்குப் புதிதாகப் பங்களிப்பவர்களை இந்த ஒரு சொல் குழப்புவதுபோல் வேறெதுவும் குழப்புவதில்லை. கிட்ஹப் போன்ற தளங்களில் ஃபோர்க் (தம் கணக்கில் ஒரு நகல்) எடுத்து வேலை செய்பவர்கள், மூலத் திட்டத்தின் களஞ்சியத்துக்கு ‘அப்ஸ்ட்ரீம்’ என்று ரிமோட் பெயர் வைப்பது வழக்கம். அது வெறும் மரபு. கிட்டுக்கு அந்தப் பெயரில் எந்தச் சிறப்பும் இல்லை. கிட்டின் சொந்த அகராதியில் அப்ஸ்ட்ரீம் என்பது ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக அமைக்கப்படும் இணைக் கிளை; பெயர் சொல்லாமல் ‘புல்’ செய்தால் எதிலிருந்து எடுப்பது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. கமிட்டுகளை வேறோர் இடத்தின்மேல் மாற்றி வைக்கும் ‘கிட் ரீபேஸ்’ கட்டளையின் கையேட்டில் ‘அப்ஸ்ட்ரீம்’ என்று வரும் இடத்திலோ மூன்றாவது பொருள்: எதனோடு ஒப்பிட்டு நம் கமிட்டுகளைப் பிரித்தெடுப்பது என்பதைச் சொல்லும் எந்த ஒரு கமிட்டும் அங்கே வரலாம். போதாததற்கு, டெபியன் போன்ற விநியோகங்களில் பொதி தயாரிப்பவர்கள் மூல ஆசிரியர்களையே அப்ஸ்ட்ரீம் என்கிறார்கள்.

இந்தப் பிழையைக் கண்டவுடன் மூலத் திட்டம் என்ற பொருளைக் கொண்டு ‘கிட் புஷ் அப்ஸ்ட்ரீம்’ என்று தட்டுபவருக்கு, மூலக் களஞ்சியத்தில் எழுத அனுமதி இல்லை என்ற அடுத்த பிழைதான் கிடைக்கும். செய்ய வேண்டியது ‘கிட் புஷ் -யு ஆரிஜின் திருத்தம்’. இது கிளையை உங்கள் ஃபோர்க்குக்கு அனுப்புவதோடு, டாட் கிட் அடைவில் உள்ள ‘கான்ஃபிக்’ கோப்பில் அந்தக் கிளையின் தலைப்பின் கீழ் இரண்டு வரிகளை எழுதும்: ‘ரிமோட் = ஆரிஜின்’ என்பது ஒன்று, ‘மெர்ஜ் = ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/திருத்தம்’ என்பது மற்றொன்று. இரண்டாவது வரியில் உள்ள பெயர் சர்வரில் அந்தக் கிளைக்குள்ள பெயர். கிட்டின் பொருளில் அப்ஸ்ட்ரீம் என்பது இந்த இரண்டு வரிகள்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ‘கிட் பிராஞ்ச் -விவி’ கொடுத்தால் ஒவ்வொரு கிளையின் அப்ஸ்ட்ரீமும் சதுர அடைப்புக்குள் தெரியும். அடைப்பே இல்லாத கிளைக்கு அப்ஸ்ட்ரீம் இல்லை. ஒவ்வொரு புதிய கிளைக்கும் இதைத் தட்டச் சலிப்பாக இருந்தால், 2022இல் வந்த 2.37 பதிப்பு முதல் ‘புஷ்.ஆட்டோசெட்டப்ரிமோட்’ என்ற அமைப்பை இயக்கி வைக்கலாம். மூலத் திட்டத்தின் ரிமோட்டுக்கு அதன் திட்டப் பெயரையே வைத்துவிட்டால் குழப்பத்தில் பாதி தீரும். பயிற்சிக் குறிப்புகள் எழுதுபவர்களும் இதையே பரிந்துரைக்கலாம்.

அறிகுறி: புஷ் மறுக்கப்படுகிறது

அடைப்புக்குள் என்ன காரணம் சொல்கிறது என்று பாருங்கள். ‘ஃபெட்ச் ஃபர்ஸ்ட்’ என்றால் சர்வரில் உள்ள கமிட் உங்கள் கணினியில் இல்லவே இல்லை, வேறொருவர் அனுப்பியிருக்கிறார். ‘நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்’ என்றால் சர்வரில் உள்ள கமிட் உங்களிடம் இருக்கிறது, ஆனால் உங்கள் கிளையின் வரலாறு அதை உள்ளடக்கவில்லை; நீங்களே அமெண்ட் அல்லது ரீபேஸ் செய்திருக்கும்போது வருவது பெரும்பாலும் இதுதான். முதலாவதற்கு ஃபெட்ச் செய்து இணைக்க வேண்டும். இரண்டாவதற்கு, உங்களுக்கே உரிய கிளையாக இருந்தால் மட்டும், சர்வரின் கிளை நம் குறிப்பில் உள்ள இடத்திலேயே இருந்தால் மட்டும் மேலெழுதும் ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ கொடுக்கலாம். எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்துகொண்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு பயன்படாமல் போகும் என்பதால் ‘--ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ரீபேஸின்போது ‘அவர்ஸ்’ கொடுத்தேன், என் மாற்றம் போய்விட்டது

நம்முடையது, அவர்களுடையது என்று யாருக்கும் புரியும் சொற்கள்தான். ஆனால் கிட் ஆளைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கிறது: ‘அவர்ஸ்’ என்பது அந்த நேரத்தில் ஹெட் நிற்கும் பக்கம், ‘தேர்ஸ்’ என்பது அதன்மேல் கொண்டு வந்து வைக்கப்படும் பக்கம். மெர்ஜ் செய்யும்போது நாம் நம் கிளையில் நிற்பதால் சொல்லும் பொருளும் ஒத்துப்போகின்றன. ரீபேஸ் தொடங்கியதும் கிட் முதலில் மெயின் கிளையின் முனைக்குப் போய் நின்றுகொண்டு, நம் கமிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அங்கே வைக்கிறது. ஆகவே மெயினின் பக்கம் ‘அவர்ஸ்’ ஆகிவிடுகிறது. நாம் எழுதியது ‘தேர்ஸ்’ ஆகிவிடுகிறது. ‘கிட் ஸ்டேட்டஸ்’ காட்டும் ‘டிலீட்டட் பை அஸ்’ என்ற வரியையும் இதே கணக்கில்தான் படிக்க வேண்டும். ரீபேஸின் நடுவில் அது வந்தால் கோப்பை நீக்கியது நீங்கள் அல்ல, மெயின் பக்கம்.

சொல்லை நம்பாமல் உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. மோதல் உள்ள (இரு பக்கமும் ஒரே பகுதியை வெவ்வேறாக மாற்றிய) கோப்புக்கு இண்டெக்ஸ் மூன்று வடிவங்களை எண்ணிட்டு வைத்திருக்கும்: 1 பொது மூதாதை, 2 அவர்ஸ், 3 தேர்ஸ். ‘கிட் ஷோ :2:கோப்பு’, ‘கிட் ஷோ :3:கோப்பு’ என்று கொடுத்து இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டு எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். கோப்பின் உள்ளே உள்ள மோதல் குறிகளும் உதவும்: ரீபேஸில் மேல் குறியில் ஹெட் என்றும், கீழ்க் குறியில் உங்கள் கமிட்டின் சுருக்க எண்ணும் அதன் தலைப்பு வரியும் இருக்கும். தலைப்பு வரி நீங்கள் எழுதியதாக இருந்தால் அந்தக் கீழ்ப்பகுதியே உங்களுடையது. தவறான பக்கத்தை ஏற்கெனவே தேர்ந்துவிட்டால், ‘--கன்டினியூ’ கொடுப்பதற்கு முன்பாக ‘கிட் செக்அவுட் -எம் கோப்பு’ கொடுத்தால் மோதல் பழைய நிலையில் திரும்பி வரும். குழப்பம் அதிகமாகிவிட்டால் ‘கிட் ரீபேஸ் --அபார்ட்’.

மெர்ஜ் செய்யும்போதும் ‘அவர்ஸ்’ ஒரே பொருளில் நிற்பதில்லை. ‘கிட் மெர்ஜ் -எக்ஸ் அவர்ஸ்’ மோதல் வந்த பகுதிகளில் மட்டும் நம் பக்கத்தை எடுத்துக்கொண்டு, மோதாத மாற்றங்களை இரு பக்கத்திலிருந்தும் சேர்க்கும். ‘கிட் செக்அவுட் --அவர்ஸ் கோப்பு’ அந்தக் கோப்பு முழுவதையும் நம் பக்கத்திலிருந்து எடுக்கும். மோதாமல் அழகாக இணைந்திருந்த வரிகளும் போய்விடும். ‘கிட் மெர்ஜ் -எஸ் அவர்ஸ்’ இன்னும் கடுமையானது: மறுபக்கத்தின் உள்ளடக்கம் அனைத்தையும் தள்ளிவிட்டு, இணைத்துவிட்டதாக வரலாற்றில் மட்டும் பதிவு செய்யும். ஒரு எழுத்து மாறித் தட்டியதன் விளைவு அப்போது தெரியாது. பிறகு எப்போது மெர்ஜ் செய்தாலும் ஏற்கெனவே இணைந்துவிட்டது என்றே பதில் வரும், அந்தக் கிளையின் திருத்தங்களோ எங்கும் இருக்காது. ‘கிட் டிஃப் ஹெட்^1 ஹெட்’ என்பதை மெர்ஜ் கமிட்டில் நின்று கொடுத்துப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் நடந்தது இதுதான். சர்வருக்கு இன்னும் போகவில்லையென்றால் ‘கிட் ரீசெட் --மெர்ஜ் ஒரிக்_ஹெட்’ கொடுத்து முன்நிலைக்குத் திரும்பி, சரியான குறியோடு மறுபடி மெர்ஜ் செய்யலாம்.

அறிகுறி: ‘டிட்டாச்டு ஹெட்’ நிலையில் இருப்பதாகச் செய்தி

களஞ்சியம் கெட்டுவிட்டதுபோல் ஒலிக்கும் இந்தச் செய்தியில் பயப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதும் ஹெட் என்பது நாம் இப்போது நிற்கும் இடம். சிறிய எழுத்தில் எழுதும் ஹெட் என்பது ஏதாவது ஒரு கிளையின் முனை. முதலாவது ஒரு கிளையின் பெயரைக் காட்டாமல் நேரே ஒரு கமிட்டைக் காட்டினால் அது டிட்டாச்டு. ஒரு டேகை (கமிட்டுக்கு இட்ட நிலையான பெயரை) செக்அவுட் செய்தாலும் இப்படித்தான் ஆகும். பார்த்துவிட்டுத் திரும்புவதானால் ‘கிட் ஸ்விட்ச் மெயின்’ போதும். கமிட் செய்துவிட்டீர்கள் என்றால், வேறு கிளைக்குப் போவதற்கு முன் ‘கிட் ஸ்விட்ச் -சி புதுக்கிளை’ என்று அதற்கு ஒரு பெயர் கொடுங்கள். பெயர் கொடுக்காமல் போய்விட்டாலும் ஹெட் நகர்ந்த இடங்களைக் காட்டும் ‘கிட் ரெஃப்லாக்’ பட்டியலில் அந்தக் கமிட்டின் எண் இருக்கும். எந்தக் கிளையிலும் சேராத கமிட்டுகளின் பதிவை கிட் இயல்பாக 30 நாள்களுக்கு வைத்திருக்கும்.

அறிகுறி: இரண்டு புள்ளி கொடுத்தபோது லாகும் டிஃபும் வெவ்வேறு கதை சொல்கின்றன

‘கிட் லாக் மெயின்..திருத்தம்’ என்பது திருத்தத்தில் இருந்து மெயினில் இல்லாத கமிட்டுகளைப் பட்டியலிடும். அதே குறியீட்டை டிஃபுக்குக் கொடுத்தால், அது வரம்பாகவே கொள்ளப்படாது. இரண்டு முனைகளையும் நேருக்கு நேர் ஒப்பிடும், அவ்வளவுதான். அதனால் நீங்கள் பிரிந்த பிறகு மெயினில் மற்றவர்கள் சேர்த்த வரிகள் எல்லாம் நீங்கள் நீக்கியவைபோல் சிவப்பில் வரும். மூன்று புள்ளி வைத்தால் நிலைமை தலைகீழ்: ‘கிட் டிஃப் மெயின்...திருத்தம்’ பிரிந்த இடத்திலிருந்து உங்கள் கிளை செய்தவற்றை மட்டும் காட்டும், ஆனால் ‘கிட் லாக் மெயின்...திருத்தம்’ இரு பக்கத்துக் கமிட்டுகளையும் கலந்து தரும். கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் பக்கம் காட்டுவது மூன்று புள்ளி டிஃப். உங்கள் டெர்மினலில் தெரிவதும் தளத்தில் தெரிவதும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் புள்ளிகளை எண்ணுங்கள். புள்ளிகளை நினைவில் வைக்க விரும்பாதவர்கள் ‘கிட் டிஃப் --மெர்ஜ்-பேஸ் மெயின் திருத்தம்’ என்று எழுதலாம். மூன்று புள்ளி டிஃப் செய்வதையே அது செய்யும், படிப்பவருக்கும் என்ன ஒப்பிடப்படுகிறது என்பது கட்டளையிலேயே தெரியும்.